சுழி தேடிப்போன தலை: ‘வேவ்ஸ்’ வராத ஒரு மாணவரின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அட்லாண்டாவில் நான் வேலை பார்க்கும் சலூனுக்கு வந்தவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பையன். அவர் சொன்ன குறை இரண்டு. முடியில் அலை அலையாக ‘வேவ்ஸ்’ வரவழைக்க மாதக்கணக்கில் பிரஷ் போட்டும் நெற்றிக்கு மேலே நான்கைந்து வரி மட்டும்தான் தெரிகிறது. உச்சியில் ஒன்றுமே இல்லை, இடது பக்கம் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. இது ஒன்று. முடி தொடங்கும் இடத்தை ஒட்டி நெற்றி நெடுகப் பரு. இது இன்னொன்று.

எங்கள் சலூனில் வெட்டுவதும் அலை போடுவதும் ஒரு மூத்த பார்பர். நான் தலைத்தோல், முடிப் பராமரிப்பு பார்க்கிறேன். இந்தப் பையனின் தலையை இருவரும் சேர்ந்துதான் கவனித்தோம். பெயர் வேண்டாம், மற்றதை எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

வேவ்ஸ் என்பதைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒட்ட வெட்டிய சுருட்டை முடி தலையோடு படிந்து, உச்சிச் சுழியைச் சுற்றி வட்டம் வட்டமாக மேடும் பள்ளமுமாக நிற்கும். நெற்றி, இரு பக்கம், பிடரி என்று தலை முழுக்கச் சுற்றி வந்தால் அதற்கு 360 வேவ்ஸ் என்று பெயர். பார்ப்பவர்களுக்கு ஏதோ மருந்து போட்டு அச்சு எடுத்த மாதிரி தோன்றும். மருந்து எதுவும் கிடையாது. பிரஷ், கொஞ்சம் ஈரப்பசை, தலையில் கட்டும் ஒரு துணி, பொறுமை. இந்த நான்கில் முதல் மூன்றையும் கடையில் வாங்கிவிடலாம் என்பதால்தான் பல பேர் நான்காவதில் சறுக்குகிறார்கள்.

அலை எங்கிருந்து வருகிறது

முடியின் வடிவம் தோலுக்கு அடியிலேயே முடிவாகிவிடுகிறது. நேர்முடிக்கு வேர்ப்பை நேராக இருக்கும். இந்தப் பையனைப் போன்றவர்களுக்கு வேர்ப்பையே வளைந்திருக்கும். அதிலிருந்து வரும் முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அதனால் தோலைவிட்டு வெளியே வந்த சில மில்லிமீட்டரிலேயே அது வளையத் தொடங்குகிறது. 1990களில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் முடி ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் பிரபலமாக்கிய வகைப்பாட்டில் இது நான்காம் வகை, அதாவது மிக நெருக்கமான சுருள்.

அப்படிப்பட்ட முடியை விட்டுவிட்டால் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். நாள் தவறாமல் ஒரே திசையில் படிய வைத்தால் சுருள் கொஞ்சம் இழுபட்டுத் தலையோடு படுக்கும். படுத்தாலும் வளைவு போகாது. ஒவ்வொரு முடியும் ஓர் இடத்தில் எழும்பி அடுத்த இடத்தில் தாழும். பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒரே நீளத்தில், ஒரே திசையில் படுத்திருந்தால், எழும்பும் இடமெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வரியாகிறது. தாழும் இடமெல்லாம் சேர்ந்து இடைவெளியாகிறது. நம் கண்ணுக்கு அலையாகத் தெரிவது இதுதான்.

இதற்குள் வேதியியலும் கொஞ்சம் இருக்கிறது. முடியின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு இங்கே முக்கியம். நீர் பட்டால் அவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி சேரும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று. நீருக்கெல்லாம் அசையாத டைசல்ஃபைடு பிணைப்பு மற்றொன்று. பிரஷ் போடுவதும் துணி கட்டுவதும் முதலாவதைத்தான் தொடுகின்றன. ஈரமான முடியைப் படிய வைத்து, அந்த நிலையிலேயே காயவிட்டால் அப்படியே நிற்கும். இரண்டாவதை இவை தொடுவதில்லை என்பதால் முடியின் பிறவிச் சுருள் அப்படியே இருக்கிறது. கவனிப்பை நிறுத்தினால் சில வாரங்களில் முடி தன் பழைய நிலைக்குப் போய்விடும். எனக்கு இந்தக் கலை பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான். முடியின் இயல்பை அழிக்காமல், அந்த இயல்பை வைத்தே அழகு செய்கிறது.

முதல் நாள் பார்த்தது

பையன் தன் பொருட்களையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மிகக் கடினமான காட்டுப்பன்றி முள் பிரஷ் ஒன்று. முடியைப் படிய வைக்கும் பிசுக்குப் பசையான பொமேட், பாதி காலியான டப்பாவில். கறுப்பு டூராக் ஒன்று, அதாவது தலையில் கட்டும் அந்தத் துணி. முன்பட்டை எண்ணெய் ஊறிப் பளபளவென்று இருந்தது.

பார்பர் எதையும் தொடவில்லை. தண்ணீர்ப் புட்டியை எடுத்து உச்சியிலும் பின்தலையிலும் பீய்ச்சிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடி முழுக்க நனைந்து தளர்ந்ததும், யாரும் சீவாமலே அது தன் போக்கில் சாயத் தொடங்கியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, நடுவகிட்டுக்கு வலப்புறமாக, சுழி திறந்துகொண்டது. பார்பர் அந்த இடத்தில் சுட்டுவிரலை வைத்தார்.

“மகனே, எந்த இடத்தை நடுன்னு வச்சு பிரஷ் போடுறே?”

பையன் கையைத் தூக்கிச் சரியாக உச்சந்தலை நடுவில் வைத்தார். பார்பரின் விரலுக்கும் அவர் விரலுக்கும் இடையே இரண்டு விரற்கடை தூரம்.

“அது உன் தலையோட நடு. முடியோட நடு நான் தொட்டுட்டு இருக்கிற இடம்.”

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. எல்லா முடியும் சுழியிலிருந்துதான் வெளிநோக்கிப் பிரிகிறது. நெற்றிப் பக்கம் முன்னே, பிடரிப் பக்கம் கீழே, காதுப் பக்கம் முன்னும் கீழுமாகச் சாய்வாக. பிரஷ் அந்தப் போக்கிலேயே போக வேண்டும். இவர் தவறான இடத்தை நடுவாக வைத்துக்கொண்டதால், சுழியைச் சுற்றியிருந்த முடிக்கு நாள்தோறும் குறுக்கே அடி விழுந்திருக்கிறது. நெற்றிப் பக்கம் இந்த வேறுபாடு பெரிதாகப் பாதிக்காது. அதனால்தான் அங்கே மட்டும் வரி வந்திருந்தது.

இடது பக்கக் குழப்பத்துக்குக் காரணம் வேறு. இவர் வலக்கைப் பழக்கம் உள்ளவர். இடது பக்கத்துக்கு வலக்கையை எட்டிப் போடும்போது மணிக்கட்டு திரும்பி, ஒவ்வொரு முறையும் கோணம் மாறியிருக்கிறது. ஏர் ஓட்டும்போது பாதியில் திசை திரும்பினால் சால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுமே, அதேதான். ஒரு வரி ஓடிக்கொண்டே வந்து இரண்டாகப் பிளந்து நிற்கும். பார்பர்கள் இதற்கு ஃபோர்க் என்பார்கள். இடக் காதுக்கு மேலே மட்டும் மூன்று ஃபோர்க்.

அடுத்து வெட்டு. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வாரா வாரம் ஒரு கடையில் மெஷின் போட்டிருக்கிறார். வெட்டும் நீளத்துக்காக மெஷினில் மாட்டும் ஒன்றாம் நம்பர் கார்டு, அதாவது 3 மில்லிமீட்டர். அதுவும் முடி சாயும் போக்குக்கு எதிராக. நான்காம் வகை முடிக்குக்கூட வளைந்து படுக்க ஓரளவு நீளம் வேண்டும். போக்குக்கு எதிராக மெஷினை ஓட்டினால் படுத்திருந்த முடி நிமிர்ந்து, கார்டு காட்டும் அளவைவிடக் குட்டையாக வெட்டுப்படும். வாரம் முழுக்க உழைத்துப் படிய வைத்ததை வாரக் கடைசியில் காசு கொடுத்து எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

தலைத்தோல் என் வேலை. உச்சியில் மெல்லிய கீறல்களும் பொருக்கும் இருந்தன. குட்டை முடியில் கடின முள்ளை அழுத்தினால் வருவது அது. நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு புறமும் முடி அடர்த்தி குறைந்து, முறிந்த குட்டை முடிகள் நின்றன. டூராக்கை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, கழற்றும்போது நெற்றியில் பள்ளம் விழுந்திருக்கும் என்றார். தொடர்ந்து இழுபடும் முடி வேரோடு பலவீனமாகி உதிர்வது நன்றாகத் தெரிந்த ஒரு பாதிப்பு. ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் தழும்பாகி முடி வராமலே போகும். எனக்கு இந்தப் பையன் தலையில் கவலை தந்தது அலை வராததைவிட இதுதான். அன்றே இதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன்.

பருவைப் பற்றியும் சந்தேகம் இல்லை. காலையும் இரவும் பொமேட். இந்த டப்பாப் பொமேட்களில் பல பெட்ரோலேட்டமும் மெழுகும் கலந்தவை. பிடிப்பு அபாரமாக இருக்கும். ஆனால் வெறும் தண்ணீருக்கோ ஒரு முறை போடும் ஷாம்புவுக்கோ போகாது. வியர்வையோடு நெற்றிக்கு வழிந்து, ஊறிய துணியால் இரவெல்லாம் அழுத்தப்பட்டால் துளைகள் அடைபடும். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1970லேயே இதற்கு ‘பொமேட் ஆக்னி’ என்று பெயர் வைத்து விவரித்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்ததும் முடிக்கு இப்படிப் பொமேட் போட்ட கறுப்பின ஆண்களைத்தான்.

மாற்றியது

புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் குறைத்தோம். முதலில் தலையில் படிந்திருந்த பொமேட்டை எடுக்க வேண்டும். மெல்லிய எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, விரல் நுனியால் இளக்கி, பிறகு இரண்டு முறை ஷாம்பு. மெழுகுப் பிசுக்கு எண்ணெய்க்குத்தான் இளகும். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குப் பொமேட்டே வேண்டாம் என்றேன். குளித்து முடித்த ஈரத்தோடு கழுவாமல் விடும் கண்டிஷனர் கொஞ்சம், அவ்வளவுதான். அவருக்கு நம்பிக்கையே இல்லை. பொமேட் இல்லாமல் எப்படி அலை வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொமேட் அலையை உண்டாக்குவதில்லை, வந்த அலையைப் படிய வைத்து மினுக்குகிறது என்பதைப் பார்பர் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

மெஷின் ஆறு வாரத்துக்கு வேண்டாம். இடையில் நெற்றி ஓரம், காதோரம், பிடரி மட்டும் கோடு எடுத்துக்கொள்ளலாம். இப்படி வெட்டாமல் வளர்த்துக்கொண்டே பிரஷ் போடும் காலத்துக்கு வுல்ஃபிங் என்கிறார்கள். பையன்கள் அதிகமாக மனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது வாரத்தில் தலை புதர் மாதிரி இருக்கும், அலையும் தெரியாது, நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கறுப்பினத்தவர் முடி மற்ற பல இனத்தவரின் முடியைவிட மெதுவாக, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும் என்பதால் அவசரப்படவும் முடியாது.

பிரஷ்ஷை நடுத்தர முள்ளுக்கு மாற்றினோம். முடி நன்கு வளர்ந்த கடைசி வாரங்களில் மட்டும் பழைய கடின முள், அதுவும் அழுத்தாமல். பன்றி முள்ளையே எல்லோரும் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அது வளைந்துகொடுக்கும், வேரில் ஊறும் எண்ணெயை முடி நுனிவரை இழுத்துச் செல்லும். சுருள் முடியில் அந்த எண்ணெய் தானாக நுனியை எட்டாது, அதனால்தான் இந்த முடி சீக்கிரம் வறண்டுவிடுகிறது.

அடுத்தது பிரஷ் போடும் முறை. பார்பர் ஒரு மணி நேரம் இதற்கே செலவழித்தார். கண்ணாடி முன்னால் ஒன்று, கையில் ஒன்று. சுழியைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்த பிறகே முதல் இழுப்பு. முன்பக்கம் சுழியிலிருந்து புருவத்தை நோக்கி நேராக. வலது பக்கம் சுழியிலிருந்து கன்ன எலும்பை நோக்கி. பிடரிப் பக்கம் நேர் கீழே. இடது பக்கத்துக்கு பிரஷ்ஷை இடக்கைக்கு மாற்ற வேண்டும், எவ்வளவு தடுமாறினாலும் சரி. காதுக்கு மேலே வந்ததும் கோணத்தைத் திருப்பக் கூடாது. முகத்தில் ஓர் இடத்தைக் குறி வைத்துக்கொண்டு, நாள்தோறும் அதே இடத்தை நோக்கியே இழுக்க வேண்டும். வேகம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம். காலையில் சூடான ஈரத் துண்டைத் தலையில் சில நிமிடம் போட்டு முடியை இளக்கிவிட்டு ஒரு முறை, மாலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம்.

வாரம் ஒரு முறை ஷாம்பு நுரையோடே பிரஷ் போடச் சொன்னார். நுரையில் முடி வழுக்கிக்கொண்டு படியும். படிந்ததும் தலையில் டூராக்கைக் கட்டிக்கொண்டு, துணிக்கு மேலேயே தண்ணீர் விட்டு நுரை போகும்வரை அலச வேண்டும். அலசும் தண்ணீர் படிந்த முடியைக் கலைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

டூராக் கட்டுவதையும் திருத்தினோம். தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் தலை நடுவில் ஒரு கோடு பதிந்துவிடும். வார்களை முறுக்காமல் பட்டையாக விரித்து, நெற்றியில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. பட்டை முடி தொடங்கும் இடத்தில் உட்காரக் கூடாது, கொஞ்சம் கீழே நெற்றித் தோலில் இருக்க வேண்டும். இரண்டு டூராக் வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துக் கட்ட வேண்டும். வெறும் தலையோடு பருத்தித் தலையணையில் படுத்தால் முடியிலுள்ள ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். புரளும்போது உராய்ந்து அலையும் கலையும். வழுவழுப்பான டூராக் இரவில் தேவைப்படுவது அதனால்தான்.

என்ன நடந்தது

முதலில் சரியானது பரு. பொமேட்டை நிறுத்தித் துணியைத் துவைக்கத் தொடங்கிய சில வாரங்களில் புதிதாக வருவது நின்றது. பழைய கறுப்புத் தழும்புகள் மறைய இன்னும் நாளாகும்.

ஆறாவது வார முடிவில் பார்பர் இரண்டாம் நம்பர் கார்டு, 6 மில்லிமீட்டர் போட்டு, சுழியிலிருந்து வெளிநோக்கி, முடியின் போக்கிலேயே வெட்டினார். புதர் கீழே விழ விழ, அடியில் வரிகள் வெளிவந்தன. முன்பக்கம் நெருக்கமாக, ஆழமாக. வலது பக்கம் காதுவரை உடையாமல். பிடரியில் மெல்லிசாக. உச்சியில் சுழியைச் சுற்றி முதல் வட்டம் முக்கால்வாசி மூடியிருந்தது. பையன் கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னவர் பிறகு தன் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டுத் தலையைக் குனிந்து காட்டினார்.

வெட்டிய மறுநாளிலிருந்து மென்மையான முள் பிரஷ். இந்த முறை நகத்தில் சுரண்டி எடுக்கும் அளவு பொமேட்டை உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, நெற்றி ஓரத்தைத் தொடாமல் போட அனுமதித்தேன். இரண்டாவது வுல்ஃபிங் முடிந்து வெட்டியபோது உச்சி வட்டம் மூடிவிட்டது. பொட்டுப் பக்கம் புதிய முடி வந்துகொண்டிருக்கிறது. இடது பக்கத்தில் மூன்று ஃபோர்க்கில் இரண்டு போயின.

இந்தத் துணிக்கும் இந்த முடிக்கும் பின்னால்

தலைத்தோலையும் பிரஷ்ஷையும் மட்டும் சொல்லி இந்த ஆய்வை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பையன் முதல் நாள் வாசலுக்கு வெளியிலேயே டூராக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கறுப்பினத்தவர் நடத்தும் சலூனுக்குள் வரும்போதுகூட. கல்லூரியிலும் பகுதிநேர வேலையிலும் அப்படியே பழகிவிட்டதாம்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் மதிப்பாகத் தோன்ற வேண்டும் என்றால் முடியை நேராக்க வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பயன்பட்டது காங்க் என்ற முறை. காஸ்டிக் சோடாவை உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் குழைத்துத் தலையில் அப்புவார்கள். அது டைசல்ஃபைடு பிணைப்பையே உடைக்கும். கூடவே தலைத்தோலையும் வெந்துபோக வைக்கும். அதே காலத்தில் காசு இல்லாதவர்களும், எரிச்சலைத் தாங்க விரும்பாதவர்களும் கிழிந்த நைலான் காலுறையை வெட்டி முடிச்சுப் போட்டுத் தலையில் மாட்டி, முடியைப் படிய வைத்துக்கொண்டார்கள். எங்கள் பார்பரின் அப்பா சாகும்வரை காலுறைதான் மாட்டினாராம். 1920களில் சிகாகோவின் கறுப்பின பார்பர் சி. டி. மரி தொடங்கிய ஆரஞ்சு நிற டப்பாப் பொமேட் இன்றும் இந்த ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. பையன் கொண்டுவந்ததும் அதே வகைப் பிசுக்குத்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அளவோடு போட்டால் நூறு வருடமாக வேலை செய்துகொண்டிருக்கும் பொருள் அது.

டூராக்குக்கு வந்த சோதனை வேறு. 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் ராப் இசைக் கலைஞர்கள் அதை வெளிப்படையாக அணிந்ததும், ரவுடிகளின் அடையாளம் என்று முத்திரை குத்திவிட்டார்கள். 2001இல் அமெரிக்கக் கால்பந்து லீக் விளையாட்டு வீரர்களுக்கு அதைத் தடை செய்தது. 2005இல் கூடைப்பந்து லீக் கொண்டுவந்த உடை விதியிலும் அதற்கு இடமில்லாமல் போனது. 2020 மே மாத பிரிட்டிஷ் வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் பாடகி ரிஹானா அதை அணிந்து வந்தபோது உலகமே பாராட்டியது. பாராட்டு அட்டைப்படத்தோடு நின்றுவிட்டது. 2019இல் கலிபோர்னியா முதலில் நிறைவேற்றிய கிரௌன் சட்டம் முடியின் இயல்பையும், பின்னல், சடாமுடி, முறுக்கு போன்ற அலங்காரங்களையும் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. அந்த முடியைக் காக்கும் இந்தத் துணி அந்தச் சட்டத்தில் இல்லை.

மழிக்காத சுருள் முடி ஒன்று ஒழுங்காக, சுத்தமாக, யாருடைய முடியைப் போலவும் ஆகாமல் அழகாக நிற்க முடியும் என்று இந்த ஆண்கள் தங்களுக்குள்ளேயே கற்று, தந்தையிடமிருந்து மகனுக்கும் பார்பரிடமிருந்து வாடிக்கையாளருக்கும் கைமாற்றி வந்திருக்கிறார்கள். அந்த ஒழுங்குக்குத் தேவையான துணியைக் கழற்றிவிட்டு வா என்று சொல்வது நியாயமே இல்லை. இனி சலூனுக்குள் கட்டிக்கொண்டே வா என்று பார்பர் பையனிடம் சொல்லிவிட்டார். இப்போது அப்படித்தான் வருகிறார்.

மிச்சம் இருப்பது இடக் காதுக்கு மேலே உள்ள அந்த ஒரு ஃபோர்க். பிறவியிலேயே அங்கே முடி சற்று வேறு பக்கமாகச் சாய்கிறது என்பது பார்பரின் கணிப்பு. அந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷின் குறியைக் கன்ன எலும்பிலிருந்து காது மடலின் நுனிக்கு இறக்கியிருக்கிறார். அடுத்த வுல்ஃபிங்கை எட்டு வாரமாக நீட்டியிருக்கிறோம். பொட்டுப் பக்க முடியை ஒவ்வொரு வருகையிலும் நான் படம் எடுத்து ஒப்பிட்டுக்கொண்டு வருகிறேன். அங்கே அடர்த்தி மறுபடி குறைந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்புவதாகப் பேச்சு.